பழுப்பு ஒயரைத் தொடாதே, தம்பி

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, மருந்து எடுக்கிறாள். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இதைப் போனில் சொல்லவும் முடியாது. பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

உன் பழைய எம்.ஜி.பி. காரை எடுத்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேஷ்போர்டை வெட்டாமல் கீழே தனிப் பட்டையில், பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் வோல்ட்மீட்டரை மாட்டியிருக்கிறாய். சுத்தமான வேலை. அம்மீட்டர் வாங்காததும் சரி. அம்மீட்டர் ஓடும் கரண்டை அளப்பது, அதை மாட்டினால் இன்ஜின் சுற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 34 ஆம்பியரும் உன் முழங்காலுக்கு மேலே வந்துதான் திரும்பிப் போகும். வோல்ட்மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும்.

ஆனால் அந்தச் சிவப்பு ஒயர். பழுப்பு ஒயரில் நீலக் கிளிப்பைக் கடிக்க வைத்து எடுத்திருக்கிறாய். பியூஸ் எங்கேயும் காணோம். இன்ஜின் பக்கத்துத் தகரத்தில் புதிதாகத் துளை போட்டு அதில் ஒயரை வெறுமனே இழுத்திருக்கிறாய். துளையின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து தகரம் பளபளக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த வண்டிக்கு ஒயர் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் நிறக் கணக்கில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி எடுத்தாலும் கரண்ட் இருக்கும், நடுவில் பியூஸ் கிடையாது. வண்டி அதிரும்போது தகரம் ஒயரின் தோலை அறுக்கும். செம்பு பாடியைத் தொட்ட நொடியில் பேட்டரி தன் பலம் முழுவதையும் அதில் கொட்டும். அந்த ஒயர் மட்டும் உருகாது, கூட ஓடும் கட்டு முழுவதும் உருகும். நீ பக்கத்தில் இல்லாத நேரத்திலும் நடக்கும். தூங்கும்போதும் நடக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்று. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாயையும் தலையணையையும் எடுத்தால்தான் அந்த மூடியைத் திறக்க முடியும். (அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டவில்லை.) உள்ளே இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். பாடிக்குப் போகும் எர்த் ஒயரை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. அப்போதே எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள். 1967 வரை வந்த எம்.ஜி.பி. பாசிடிவ் எர்த், அதாவது பாசிடிவ் முனை பாடிக்குப் போகும். உன்னுடையது 1971, நெகடிவ்வாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறிய வண்டி! கண்ணால் பார்த்துவிட்டு மீட்டரை மாட்டு.

மீட்டருக்குக் கரண்டைப் பச்சை ஒயரிலிருந்து எடு. பியூஸ் பெட்டி பானட்டுக்குள் வலது பக்கம். பச்சை, சாவி போட்டால் மட்டும் வரும், பியூஸைத் தாண்டி வரும். வெள்ளையும் சாவிக்குத்தான் வரும், ஆனால் பியூஸ் இல்லாதது, அதில் எடுக்காதே. அந்தப் பெட்டியில் இருக்கும் பியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அது அறுந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 தான். இப்போது கடையில் கிடைக்கும் 35-ஐ வாங்கிப் போட்டுவிடாதே, அது தொடர்ந்தே 35-ஐத் தாங்குவது. அந்தப் பெட்டியின் பியூஸ் மட்டும் போதாது, உன் ஒயருக்குத் தனியாக 2 ஆம்பியர் பியூஸ், எடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயரை யார் காப்பது?

ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் போதும். நீலக் கிளிப்பைப் பிடுங்கி எறி. அது செம்பு இழைகளை வெட்டும். நம்ம ஊர் ஈரத்தில் ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். முனைக்குச் சரியான கிளிப் வைத்து நன்றாக அழுத்து. ஈயம் வைத்துப் பற்றாதே, ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அதிர்வில் ஒடியும். கறுப்பு டேப்பும் வேண்டாம், இன்ஜின் சூட்டில் பிசினாக வழியும்.

பழைய ஒயர் கட்டு உள்ளே போகும் ரப்பர் வளையத்தில் இடம் இருக்கும், அதன் வழியே விடு. நீ போட்ட துளையை ரப்பர் மூடி வைத்து அடை. மழை பெய்தால் உன் காலில்தான் ஒழுகும். வளையத்துக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்று, தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இடது பக்கம், அந்தப் பக்கமே போகாதே. பிளக் ஒயரை உரசவிடாதே. உள்ளே ஸ்டீயரிங் தண்டு, பிரேக் மிதி, இரண்டிலும் படாமல் ஒரு சாணுக்கு ஒரு கட்டு.

மீட்டரின் எர்த் ஒயரைப் பாடியில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் முடுக்கு. மீட்டர் விளக்குக்கு சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். முடித்ததும் சாவி போட்டுப் பார், இன்ஜின் ஓடாதபோது 12.5 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8-லிருந்து 14.4. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கெட்டது, பேட்டரி கொதிக்கும். பேட்டரியில் வைத்துப் பார்ப்பதற்கும் மீட்டர் காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பியூஸ் பெட்டியின் பற்களை மெல்லிய எமரித் தாளில் தேய். சிக்னல் போட்டதும் ஊசி ஆடினாலும் அதே காரணம்தான், சிக்னலும் பச்சையில்தான் ஓடுகிறது.

பியூஸ் போடு. திரும்பவும் சொல்கிறேன், பியூஸ் போடு.

ஒன்று சொல்லாமல் இருந்துவிட்டேன். சின்ன மாமாவின் வேன் சிகரெட்டால் எரிந்தது என்று இத்தனை வருடமும் வீட்டில் சொல்கிறோம். அதில் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்தவன் நான். பேட்டரியிலிருந்து நேராக, பியூஸ் இல்லாமல், வெறும் துளையில். எரிந்த வண்டியைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்தது. தாத்தா அவரை எல்லார் முன்னாலும் திட்டியபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திய காரணம் உனக்குத் தெரிந்தது இல்லை, இதுதான். தீபாவளிக்குள் அவரைப் போய்ப் பார்த்துச் சொல்லப் போகிறேன். நீ வந்தால் சேர்ந்து போகலாம்.

இந்த வண்டியில் தாப்பா, கோப்பெங் வழியாக இரவில் வராதே. பஸ்ஸில் வா. என்னுடைய மல்டிமீட்டருக்குப் புது பேட்டரி போட்டு உனக்கு அனுப்புகிறேன், ரப்பர் வளையம் நாலு அளவில் கூடவே இருக்கும். மருமகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

வேலை முடிந்ததும் படம் அனுப்பு. பியூஸும் வளையமும் தெரிய வேண்டும். போன படம் இரவு 2:40-க்கு எடுத்தது, இதைப் பகலில் எடு.

அன்புடன்,
அப்பா