தண்ணீருக்கு மேலே நான்கு தலைகள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. போன வாரம் வெள்ளையடித்தோம், பரண் முழுக்க இறக்கியாயிற்று. அதில் என்ன கிடைத்தது தெரியுமா? நம் ஹாஸ்டல் அறையில் ஓடி ஓடித் தேய்ந்த அந்த 90 நிமிடக் கேசட். உன் சித்தப்பா மகன் சிகாகோவில் படித்தபோது பதிந்து அனுப்பியது. லேபிளில் உன் கையெழுத்தில் குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும்: 'ஸ்லின்ட் – ஸ்பைடர்லேண்ட்'. பச்சை மை இன்னும் மங்கவில்லை.

அதே வாரத்தில் உன் கடிதம்! பையன் கிட்டார் வாங்கியிருக்கிறான், அவனுக்கு முதலில் எந்த ஆல்பத்தைக் கேட்கக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இதற்கு மேல் நான் யோசிக்க என்ன இருக்கிறது?

முதலில் அட்டையைக் காட்டு. நமக்கு அன்றைக்கு அட்டை கிடைக்கவில்லை, நான் பார்த்ததே பல வருஷம் கழித்துத்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் நான்கு பையன்கள் கழுத்தளவு மூழ்கி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முன்னட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. எடுத்தவர் அவர்களுடைய நண்பர் வில் ஓல்டம், பிற்பாடு அவரும் பெரிய பாடகர் ஆனார். அவர்கள் ஊர் கென்டக்கி மாநிலத்து லூயிவில். ஒஹாயோ ஆற்றைத் தாண்டினால் இண்டியானா, அங்கே யூட்டிகா என்ற ஊரில்தான் அந்தக் குவாரி. நம் ஊர்க் கிணற்றில் குதித்துவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்போமே, அதே முகங்கள். பிரையன் மக்மேன், டேவிட் பாஹோ, பிரிட் வால்ஃபோர்ட், டாட் பிரஷியர். நாலு பேருக்கும் இருபதை ஒட்டிய வயது. மக்மேனும் வால்ஃபோர்டும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள்.

1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய், பிரையன் பால்சன் என்ற ஒலிப்பதிவாளரோடு நான்கே நாளில் பதிந்து முடித்தார்கள். மொத்தம் ஆறு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ என்ற இசை நிறுவனம் வெளியிட்டபோது குழுவே கலைந்துபோயிருந்தது. ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்ட ஆள் இல்லை. ஸ்டீவ் ஆல்பினி என்ற இன்னொரு ஒலிப்பதிவாளர் மட்டும் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையில் பத்து நட்சத்திரம் கொடுத்து, பத்து வருஷத்தில் இது ஒரு மைல்கல்லாக நிற்கும் என்று எழுதினார். அவர் சொன்னது பலித்தது. ஆனால் அது பலித்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருத்தன் இன்னொருத்தனுக்குப் பதிந்து கொடுத்தான், அவன் அடுத்தவனுக்குக் கொடுத்தான். அப்படித்தானே நம் கைக்கும் வந்தது.

நீ அப்போது கேட்டாய்: "இதில் யார்ரா பாடுறது? பேசிக்கிட்டே இருக்கான்!" உண்மைதான், பாதிக்கு மேல் பேச்சு. அந்தப் பேச்சு கிட்டாருக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசுவதுபோல் வரும். நாம் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர்களுக்குச் சத்தமாக வாசிக்கத் தெரியாமலில்லை, சத்தம் வருகிற இடத்தில் சுவர் அதிரும். ஆனால் அதுவரை பொறுத்திருக்கிறார்கள். அந்த வயதில் அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? வால்ஃபோர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில் அதே ஆறு பாட்டை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வாசித்திருக்கிறார்கள். ஒருவன் நிறுத்தினால் மற்றவன் எங்கே எடுப்பான் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டாவது பாட்டைப் பையனிடம் எண்ணிப் பார்க்கச் சொல். நாலு நாலாக எண்ணினால் கால் இடறும், ஐந்தைந்தாக எண்ணினால் வழி கிடைக்கும். மிருதங்கம் கற்றுக்கொண்ட உனக்கு அது உடனே பிடிபட்டது, மேசையில் தட்டிக் காட்டினாய். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மூன்றாவதில் டிரம்ஸே கிடையாது, இரண்டு கிட்டார் மட்டும். டான் என்ற ஒருவன் விருந்து நடக்கிற வீட்டிலிருந்து தனியாக வெளியே வந்து நிற்கிறான், அவ்வளவுதான் கதை. மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்க்கிறான், அங்கே தன் நண்பனைக் காண்கிறான். அந்த வரியில் குரல் கொஞ்சம்கூட உயராது. நாலாவது கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம், தூங்கப் போகிறவன் விடைபெறுவதுபோல் நகரும். ஐந்தாவதில் குரலே இல்லை.

அப்புறம் கடைசிப் பாட்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீள்கிறது.

புயலில் கப்பல் உடைந்து எல்லாரும் போய்விட்டார்கள். கேப்டன் ஒருவன் மட்டும் கரையேறி, ஒரு மரக்கதவுக்கு வெளியே நின்று, குளிர்கிறது, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சுகிறான். ஜன்னலோரம் ஒரு சின்னக் கை தெரிகிறது, ஒரு சிறுவன். கேப்டன் உதவி கேட்கிறான். அந்தக் குரலைச் சிறுவன் அடையாளம் கண்டுகொள்கிறான். கண்டுகொண்ட பிறகு, சத்தமில்லாமல் ஜன்னல் திரையை இறக்கிவிடுகிறான். இதுவரை எல்லாம் முணுமுணுப்புதான், பின்னால் டிரம்ஸ் நடை மாறாமல் போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு, வீட்டுக்கு வழி தேடுகிறேன், மன்னித்துவிடு, இப்போது நான் உயரமாக வளர்ந்துவிட்டேன் என்று ஒரு குரல். பேசுவது கேப்டனா சிறுவனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திடீரென்று கிட்டார்கள் இடிந்து விழ, அதற்கு மேலே மக்மேன் 'ஐ மிஸ் யூ' என்ற அந்த மூன்று ஆங்கிலச் சொல்லைத் தொண்டை கிழியக் கத்துகிறான். பதிந்து முடித்ததும் அவனுக்கு உடம்புக்கே முடியாமல் போய்விட்டதாம்.

அந்த மூன்று சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். 'உன் பிரிவில் வாடுகிறேன்' என்பதெல்லாம் மேடைப் பேச்சு. போன மாதம் தங்கை ஒரு நாள் வெளியூர் போயிருந்தாள், அவள் பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சொன்னார்: "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது." அதுதான் மச்சான், அந்தச் சொல்தான். எனக்கு உன்னைத் தேடுது.

இரண்டாம் வருஷம் உன் அப்பா தவறிய செய்தி வந்து நீ இரவோடு இரவாகக் கிளம்பினாயே, திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் உன் கட்டிலில் கேசட் பிளேயரை வைத்து இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உனக்குக் கடிதம் எழுத நாலு முறை உட்கார்ந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ வந்த பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, பையன் விஷயம். ஆல்பத்தைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதே, பக்கத்தில் உட்கார். முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, ஆறு மாதம் கழித்து அவனே எடுப்பான். சிடியில்கூட இது இசைத்தட்டில் கேட்பதற்கென்று செய்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது கேசட், அதுவே போதும். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிளேயர் உன்னிடம் இல்லாவிட்டால் எழுது, என்னுடையதைப் பெல்ட் மாற்றி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு நீங்கள் வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு பக்கத்திலேயே ஆறு பாட்டும் முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்து நிமிடம் வெறும் நாடா ஓடும், ஸ்ஸ்ஸ் என்று. ஹாஸ்டலில் நாம் இரண்டு பேரும் அதை நிறுத்த எழுந்ததே இல்லை. தானாகப் பட்டன் எகிறும்வரை படுத்தே கிடப்போம். அதையும் அவனோடு சேர்ந்து கேள்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். தங்கச்சிக்கும் பையனுக்கும் என் அன்பு.

உன்,
பன்னிரண்டாம் நம்பர் அறைக்காரன்