மொட்டை மாடி மின்சாரம் வீட்டுக்குள்ளும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடியில், மொட்டை மாடிக்கு நேர்கீழே மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். மொத்தம் 16 வீடுகள். 3 ஆண்டுகளுக்கு முன் மேலே 10 கிலோவாட் சோலார் பேனல் போட்டார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, அது பொது மீட்டருக்கு மட்டும் என்று. அதாவது தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும்.

படிக்கட்டு விளக்கு எரிவதே இரவில்தான். மோட்டார் தினமும் 2 மணி நேரம் ஓடும். நல்ல வெயில் நாளில் 10 கிலோவாட் பேனல் சுமார் 40 யூனிட் தரும்; எங்கள் பொது மீட்டருக்குப் பகலில் 2 யூனிட்கூடத் தேவைப்படாது. மீதி முழுக்க வெளியே ஊர் மின்கம்பிகளுக்கு, அதாவது கிரிட்டுக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் தரைத்தளத்துப் பாட்டி வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 0.3 யூனிட், நாள் முழுக்க. அதற்கு அவர் முழுக் கட்டணம் கொடுக்கிறார். அவருடைய பில்லைக் கட்டிவிட்டு வருவது நான்தான். ஒவ்வொரு முறையும் மனசு ஆறுவதில்லை.

இது முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியில் கூரை மின்சாரத்தை வாடகைதாரர்களுக்கு விற்க 2017-இலேயே தனிச் சட்டம் வந்தது. அங்கே அந்த வட்டாரத்தின் வழக்கமான அடிப்படை மின்கட்டணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அவர்களிடம் வாங்கக் கூடாது. 2024-இல் இன்னும் எளிய முறையும் வந்தது: வீட்டுக்கு வீடு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, பேசி முடித்த கணக்குப்படி பிரித்துக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. 16 பேருக்கும் சம பங்கு என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டுப் பங்கு யாருக்கும் பயன்படாமல் வெளியே போகும், பாட்டிக்குப் பற்றாது. சரி, பயன்படுத்துகிறவருக்கே எல்லாம் என்று விட்டால், பகலெல்லாம் ஏசி போடும் ஒரே வீடு பாதியை இழுத்துவிடும். முதலில் எல்லாருக்கும் சம பங்கு, ஒரு வீட்டில் மிஞ்சுவது அந்த நேரத்தில் தேவைப்படும் மற்ற வீடுகளுக்கு. என் மனசுக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேனல் 25 ஆண்டு இருக்கும். அதைத் தாங்கும் கூரை? எங்கள் மொட்டை மாடியில் ஒழுகலை அடைக்காமலே துளை போட்டு, பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை இறுக்கிவிட்டார்கள். மழை பெய்தால் என் படுக்கையறையில் வாளி வைக்கிறேன். இனி அடைக்க வேண்டுமென்றால் பேனல்களைக் கழற்ற வேண்டும்.

பக்கத்துக் கட்டடத்துக்கு இப்போது அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கேயாவது முதலில் மொட்டை மாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி நேரத்துக்கு நேரம் அளக்கும் ஸ்மார்ட் மீட்டர் வைத்து, குடியிருப்பவர்களை உட்காரவைத்துப் பேசி, யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி முடித்த பிறகு பேனலை மேலே ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாசகி