ட்ரையர் உலைக் குழாய்களில் இட்ட அலுமினிய மேற்பூச்சு உரிந்தது தொடர்பான புகார்

அனுப்புநர்:
பராமரிப்புப் பொறுப்பாளர்,
தேயிலைத் தொழிற்சாலை, பண்டாரவளை.

பெறுநர்:
முகாமையாளர்,
உலோக மேற்பூச்சு நிறுவனம், கொழும்பு.

ஐயா,

தேயிலையை உலர்த்தும் எங்கள் ட்ரையருக்கு வெப்பக்காற்றுத் தரும் விறகு உலையின் குழாய்களில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து தருவதாகக் கூறிப் பணம் பெற்றீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டது. முன்வரிசைக் குழாய் ஒன்று ஓட்டையாகி, புகை வெப்பக்காற்றில் கலந்து தேயிலையில் ஏறியது. புகை வாடை வீசும் தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் யார் நல்ல விலைக்கு எடுப்பார்? எங்களுக்குக் கொழுந்து தரும் சிறுதோட்டக்காரர்களின் வருமானமும் அந்த ஏல விலையைப் பொறுத்ததுதான்.

கொழுந்து குறைந்த நாட்களில் உலையை அணைத்து மீண்டும் மூட்டியதே காரணம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. உலை இப்படித்தான் எரியும் என்பதை அளவெடுக்க வந்த உங்கள் ஊழியரிடம் முன்பே சொன்னோம். சூடேறி ஆறும்போது உருக்கும் அதன் மேலுள்ள பூச்சும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் என்பது உண்மை. அதனால்தானே ஊடுருவும் முறையைக் கேட்டோம்! அலுமினியத் தூள், அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு), அம்மோனியம் குளோரைட்டு கலந்த பொடியில் குழாயைப் புதைத்து, மூடிய பெட்டியில் 700 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் வைத்தால் அலுமினியம் உருக்குக்குள்ளேயே ஊறி அதனோடு சேர்ந்துவிடும். பிறகு உலைச் சூட்டில் மேற்பரப்பில் மெல்லிய அலுமினாப் படலம் தானாக உருவாகி ஒட்சிசனைத் தடுக்கும். படலத்தில் கீறல் விழுந்தாலும் அடியிலுள்ள அலுமினியம் அதை மூடிவிடும். அத்தகைய படை நகத்தால் சுரண்டினால் வராது. உங்களுடையது வந்தது, அடியில் துருவோடு.

இது சிலிக்கோன் அலுமினியப் பெயின்ட் என்றே கருதுகிறேன். அது ஏறக்குறைய 600 பாகைக்கு மேல் தாங்காது. அடுப்பு வாயை ஒட்டிய குழாய்களோ இரவில் செந்நிறமாக ஒளிர்கின்றன.

குழாய்கள் குரோமிய உருக்கு என்பதால் எந்தப் பூச்சும் போதும் என்று நினைத்தீர்களா? விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியமானது, அந்த உருக்கைக் காக்கும் குரோமியம் ஒட்சைட்டுப் படலத்தைக் குரோமேற்று என்ற உப்பாக மாற்றி அரித்துவிடும். அலுமினியத்துக்குப் பணம் கட்டியதே அதற்காகத்தான்.

நீங்கள் பூச்சிட்ட குழாய் ஒன்றைக் குறுக்காக வெட்டி, நுண்காட்டிப் படத்தையும் படையின் தடிப்பையும் எழுத்தில் தாருங்கள். ஊடுருவிய படை இல்லையென்றால் முழுப் பணத்தையும் ஓட்டையான குழாயின் விலையையும் திருப்பித் தர வேண்டும். வெட்டும்போது எங்கள் ஆள் ஒருவர் உடனிருப்பார்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பாளர்