எட்டங்குலத் தட்டுக்கு அளவு

குருநகர்,
நவம்பர் 14

அன்புள்ள மகளுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். மழை தொடங்கினதால அப்பா பெரியகோயிலுக்கு மட்டும் போய் வாறார். நீ புதன்கிழமை அனுப்பின வரியைத் தங்கச்சி வாசிச்சுக் காட்டினவள். "அம்மா, எட்டங்குலத் தட்டுக்குக் கேக் அளவு சொல்லுங்கோ." மூண்டு கிழமைக்குப் பிறகு வந்த ஒரே ஒரு வரி. போனில எழுத எனக்கு விரல் வராது. கடதாசியில எழுதிறன், அவள் படம் எடுத்து அனுப்புவாள்.

உன்ர கொப்பியில இருக்கிறது பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டுக்கு உரியது. எட்டங்குலச் சதுரத் தட்டுக்கு அதில சரி பாதி. பட்டர் 200 கிராம், சீனி 200, றவை 125, கஜு (முந்திரிப்பருப்பு) 200, சுல்தானா 250, பிளம்ஸ் 125, சீனிப்பாகில போட்ட பூசணித் தோசி 200, இஞ்சித் தோசி 100, சௌசௌ 100, பிராந்தி 75 மில்லி, தேன் ரெண்டு மேசைக்கரண்டி. எங்கட அளவில மஞ்சள் கரு 8 வரும். அங்கத்தை முட்டை பெரிசு, 7 காணும். வெள்ளைக்கரு 2. செரி 75 கிராம். உன்ர அவருக்கு விருப்பமெண்டு நீ எப்பவும் கூடப் போடுறனி. இந்த முறை எவ்வளவெண்டு நீயே பார்த்துப் போடு.

பழத்தை இந்தக் கிழமையே ஊறப்போட வேணும் பிள்ளை, பிந்தக்கூடாது. தோசியையும் சௌசௌவையும் வடியில போட்டு ஒரு மணித்தியாலமாவது பாகு வடிய விடு. அவசரப்பட்டு அப்பிடியே கொட்டினால் மா இளகிப் போகும், பழமெல்லாம் அடியில போய் இருந்திடும். சுல்தானாவைக் கழுவுறதெண்டால் துணியில ஒத்தி நல்லாக் காய விட்டிட்டு வெட்டு. எல்லாத்தையும் பயறளவுக்கு வெட்டி, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய்த் தூளும், றோஸ் எசன்ஸ், வனிலா, ஆமண்ட் எசன்ஸ் அரை அரைத் தேக்கரண்டியும், தேனும் பிராந்தியும் விட்டுக் கண்ணாடிப் போத்தலில மூடி வை. ரெண்டு கிழமை காணும். ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பிரட்டி விடு. கஜுவை இதோட போடாதை, ஊறி மெத்தெண்டு போகும். கேக் அடிக்கிற அண்டைக்குக் கத்தியால கொத்திப் போடு. மெசினில அரைச்சால் எண்ணெய் விடும்.

றவைதான் முக்கியம். பொடி றவையாய் வாங்கி, குறைஞ்ச நெருப்பில நிறம் மாறாமல் வாசம் வருமட்டும் வறு. அந்தச் சூட்டோட பட்டரில கொட்டிக் கலந்து இரவு முழுக்க மூடி வை. பட்டரைக் குடிச்சு றவை பொருமினால்தான் கேக் மெதுவாய் வரும். இல்லாட்டில் பல்லில மணல் மாதிரி கடிபடும். போன முறை நீ படம் அனுப்பின கேக் வெட்டேக்க உதிர்ந்ததுக்கும் காரணம் அதுதான் எண்டு நினைக்கிறன். வேலையால வந்து களைச்சுப்போய் ஒரே நாளில எல்லாத்தையும் செய்திருப்பாய். அடுத்த நாள் மஞ்சள் கருவையும் சீனியையும் வெள்ளையாய்ப் பொங்கி வருமட்டும் அடிச்சு, விரலுக்க தேய்ச்சுப் பார். சீனி நெருடக்கூடாது. அதில றவையும் பட்டரும், பிறகு பழம், பிறகு கஜு. வெள்ளைக்கருவை நுரைக்க அடிச்சுக் கடைசியாய்ப் பிரட்டு.

தட்டுக்கு உள்ளுக்கு ரெண்டு மடிப்புப் பேப்பர், அதுக்கு மேல பட்டர் பூசின ஒயில் பேப்பர் ரெண்டு. தட்டின்ர விளிம்புக்கு மேல ஒரு அங்குலம் நிக்க வேணும். ரெண்டு மணித்தியாலம் போறணைக்குள்ள இருக்கிற கேக் ஓரம் கருகாமல் காக்கிறது அந்தக் கடதாசிதான். உன்ர அவணில 275 பரனைட் பாகை, காத்தாடியை நிப்பாட்டி வை. பெரிய தட்டுக்கு ரெண்டரை மணித்தியாலம். சின்னதுக்கு ஒண்டே முக்காலில இருந்து பார்க்கத் தொடங்கு. ஈர்க்கில ஈர மா ஒட்டக்கூடாது, ஆனால் பிசுபிசுப்பு இருக்க வேணும். சுத்தமாய் வந்தால் வரண்டு போச்செண்டு அர்த்தம். ஈர்க்கு இல்லாட்டில் இறைச்சி வாட்டுற மூங்கில் குச்சி போதும்.

எட்டுக்கு எட்டை ஒண்டுக்கு ரெண்டு அங்குலமாய் வெட்டினால் 32 துண்டு வரும். போன வருஷம் வரைக்கும் ரெண்டு பெரிய தட்டுப் போட்டு 120 துண்டு வெட்டினனி. அதில 60 அவையின்ர வீட்டுக்குப் போகும். ஒயில் பேப்பர் அளவாய் வெட்டித் தாறது அவர்தான் எண்டு நீயே சொன்னனி. அந்த நாட்டுக்குப் போன முதல் வருஷம், பனிக்குள்ள பஸ் ஏறிப்போய்ச் சாமான் வாங்கிக் கேக் போட்டு, உன்ர மாமி நான் அனுப்பினதெண்டே நினைச்சவ. அதை இஞ்ச ஒரு ஊருக்குச் சொல்லித் திரிஞ்சனான். இப்ப இந்த 32ஐ ராத்திரி படுத்திருந்து பிரிச்சுப் பார்க்கிறன். உனக்கு, சின்னவனுக்கு, உன்ர வேலையிடத்துக்கு, பக்கத்து வீட்டுக்கு. அதுக்கு மேல கணக்கு வரேல்லை. கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" எண்டுதான் சொல்லுவாய். மூண்டு கிழமை பேசாமல் இருந்தால் தாய்க்கு எப்பிடி இருக்குமெண்டு யோசிச்சியோ?

ஒரு மணித்தியாலத்துக்கு அவண் கதவைத் திறக்காதை எண்டு உன்ர கொப்பியில நான் கோடு போட்டு எழுதியிருக்கிறன். அதை வெட்டிவிடு. இந்தக் கேக்குக்குச் சோடாவும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. ஒருக்கால் திறந்து பார்த்து உடன மூடினால் ஒண்டும் ஆகாது. அது எனக்கு 1992இலயே தெரியும். கறண்ட் இல்லாத காலம். பெரிய சருவத்துக்க மணல் போட்டுக் காய வைச்சு, அதில தட்டை இறக்கி, மூடிக்கு மேல சிரட்டைத் தணல் போட்டு எடுத்தனான். நடு வேகேல்லை, களி மாதிரி. நீ மூடியைத் தூக்கிப் பார்த்ததாலதான் எண்டு ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில எல்லாருக்கும் முன்னால உனக்கு அடிச்சனான். உனக்கு எட்டு வயசு. பூசைக்குப் போற அவசரத்தில மேல் தணலை அரை மணித்தியாலம் முந்தி வழிச்சுக் கொட்டினது நான். சாமான் கிடைக்காத காலத்தில எல்லாத்தையும் பழுதாக்கினவள் நான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அண்டையில இருந்து ஏதும் பிழைச்சால் நீ எனக்குச் சொல்லுறதில்லை. நான்தான் அப்பிடிப் பழக்கினனான். இதை எப்பவோ சொல்லியிருக்க வேணும் பிள்ளை. பிழை என்னில.

கேக் இளஞ்சூடாய் இருக்கேக்க மேல ரெண்டு மேசைக்கரண்டி பிராந்தி தெளி. தட்டிலேயே ஆற விட்டு, ஒயில் பேப்பரில சுத்தி ஒரு கிழமையாவது வை. பிரிட்ஜில வையாதை. சுடுதண்ணியில தோய்ச்சுத் துடைச்ச மெல்லிய கத்தியால வெட்டு. திரும்பவும் சொல்லுறன், தோசியை நல்லா வடிய விடு.

உனக்கு இரவு 9 மணி எண்டால் இஞ்ச காலை 7.30. அப்பா பூசைக்குப் போயிடுவார், நான் தனியத்தான் இருப்பன். இன்னும் சின்னத் தட்டு எண்டாலும் சொல்லு. ஆறங்குலத் தட்டெண்டால் எட்டங்குல அளவில சரி பாதி. மஞ்சள் கரு மட்டும் 4 போட வேணும்.

அன்புடன்
அம்மா