லெட்ஜர் மெஷின் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

அன்பு மாப்ளே,

முட்டியில் ஊசி போட்ட பிறகு நடக்க முடிகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே நாங்கள் நலம். மகள் போன வாரம் சென்னையிலிருந்து நான்கு நாள் லீவில் வந்திருந்தாள், முதல் இரண்டு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்கக் கேட்க உன் ஞாபகம்தான் வந்தது.

அவள் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிற வேலையில் இருப்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சுருக்கித் தருவதற்கு இப்போது ஏஐ கொண்டுவந்திருக்கிறார்கள். மேலிடத்து அதிகாரி ஒருவர் எல்லோரையும் கூட்டிவைத்து, இதைக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்று வாராவாரம் கணக்கு வருகிறதாம், அந்த எண்ணிக்கைக்காகவே சிலர் வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வியெல்லாம் அதில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிஜமாகவே நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் வாயே திறப்பதில்லை. ஒரு ஃபைலுக்கு அரை மணி நேரம் மிச்சமாகிறது என்று சொன்னால் அடுத்த மாதம் பக்கத்து சீட் காலியாகிவிடும் என்று பயம். ஒரு தடவை நோயாளி டிஸ்சார்ஜ் ஆன தேதியை அட்மிட் ஆன தேதியாக அது எழுதிவிட்டது, இவள் பார்த்துத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள், சொன்னால் இதற்கு எதிரி என்று பெயர் வந்துவிடுமாம். அதே தப்பு அடுத்த டேபிளில் எத்தனை தடவை நடந்ததோ, யார் பிடித்தார்களோ, யார் விட்டார்களோ. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வங்கிக் கிளைக்கு, கையால் எழுதிய கணக்குப் பேரேட்டைப் பதிவு செய்யும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த நாளை நினைத்துப் பார். வங்கிகளில் மெஷின் கொண்டுவருவது பற்றி 1983-இல் யூனியனும் வங்கி நிர்வாகங்களும் செட்டில்மென்ட் என்று ஒப்பந்தம் போட்டு, 1984-இல் அதே விஷயத்தில் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்து, அதற்கும் சில வருஷம் கழித்துத்தான் நம் பக்கம் வந்தது. நீ கேட்டில் நின்று கோஷம் போட்டவன். நானும்தான் கூட நின்றேன். அன்றைக்கு நம் மேனேஜர் என்ன செய்தார்? மெஷினில் முதலில் உட்கார வைத்தது புதிதாகச் சேர்ந்த பையனை அல்ல, சேவிங்ஸ் லெட்ஜரை இருபது வருஷம் எழுதிய நம் சீனியரை. மூன்று மாதம் கை லெட்ஜரும் ஓடியது, மெஷினும் ஓடியது. ஐந்து மணிக்கு ஷட்டர் இறக்கியபின் மேனேஜரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நம்மோடு உட்கார்ந்து இரண்டையும் டேலி பண்ணுவார். வித்தியாசம் வந்தால் யாரையும் திட்டியதில்லை, வவுச்சரை எடுத்து வரச் சொல்வார், அவ்வளவுதான். ஒரே பெயர், ஒரே ஊர், இரண்டு கணக்கு மாறிப் பதிவானதை சீனியர்தான் கண்டுபிடித்தார், ஏனென்றால் அந்த இரண்டு பேரையும் அவருக்கு முகம் பார்த்தே தெரியும். அன்றிலிருந்து அந்த மெஷின் அவருடைய மெஷின் ஆகிவிட்டது. அதே மாதிரி மெஷின் போன பக்கத்துக் கிளையில் ஒரு வருஷம் துணி போர்த்தி மூலையில் கிடந்தது, நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்.

மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்ற உன் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2000, 2001-இல் விருப்ப ஓய்வுத் திட்டமான விஆர்எஸ் வந்து பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள், நம் செட்டிலேயே எத்தனை பேர். அதனால்தான் மேலே இருக்கிறவர்கள் இதை எதற்குக் கொண்டுவருகிறோம் என்று முதல் நாளே நேராகச் சொல்ல வேண்டும் என்கிறேன். சொல்லாவிட்டால் கீழே இருக்கிறவன் தனக்குத் தெரிந்ததை மறைப்பான். மறைத்தால் மெஷின் எங்கே தப்புகிறது என்று யாருக்குமே தெரியாது.

மகள் போனபின் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி, 2025 ஜூலையில் போன் கால்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ஸ் பாட் வைத்து, அழைப்புகள் குறைந்துவிட்டன என்று சொல்லி 45 பேரின் வேலையை எடுத்தது. அழைப்பு குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது, ஓவர்டைம் பார்க்கச் சொல்கிறார்கள், டீம் லீடர்களே போன் எடுக்கிறார்கள் என்று யூனியன் விவகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. ஆகஸ்டிலேயே வங்கி முடிவை மாற்றிக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. போன் எடுக்கிற அந்த 45 பேரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம்தானே மாப்ளே இது? ஸ்வீடனின் கிளார்னா கம்பெனியும் 700 பேர் வேலையை ஏஐ பார்க்கிறது என்று 2024-இல் அறிவித்தது, அடுத்த வருஷமே தரம் குறைந்துவிட்டது என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கப் போனார். ஒப்புக்கொண்டதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

மகளிடம் ஒன்றுதான் சொன்னேன். உன் கையில் ஆறு பேர் இருக்கிறார்கள், மேலே இருக்கிறவரை மாற்ற முடியாது, அந்த ஆறு பேருக்கு நீதான் மேனேஜர், வாரத்தில் ஒரு நாள் மெஷின் செய்த தப்பை எல்லோரும் டேபிளில் வைக்கட்டும், முதலில் நீ வை என்றேன். அந்தத் தேதி விஷயத்தை முதலில் சொல்லப்போகிறேன் என்று போகும்போது சொன்னாள். நேற்று போன் செய்தாள். அவள் சொல்லி முடித்ததும் இன்னும் மூன்று பேர் அதே தேதித் தப்பைச் சொன்னார்களாம்.

அப்புறம் ஒரு உதவி. அந்த 1983 செட்டில்மென்ட் காப்பி உன் இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த வேலைக்கு மெஷின், அதில் உட்காருகிறவருக்கு என்ன அலவன்ஸ் என்றெல்லாம் பேசி எழுதி வாங்கினோம் என்று சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு, அவள் படிக்க வேண்டுமாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து சீட்டுக்காரன்