வில்லியனூருக்கு வந்த லோடு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டதாக இவள் சொல்கிறாள், குழம்பைச் சாப்பிடுகிற எனக்கு அப்படித் தெரியவில்லை. கொல்லை முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ “சைட்டில் இருக்கிறேன்பா, அப்புறம் கூப்பிடுகிறேன்” என்பாய். அந்த அப்புறம் வருகிற வரைக்கும் உன் அம்மா செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திண்டிவனம் என்ன டெல்லியிலா இருக்கிறது? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். பாட்டி திதிக்கும் நீ வரவில்லை. சரி, அதை விடு.

வில்லியனூரில் பாப்பா வீட்டு வேலை நன்றாகப் போகிறது. 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அந்தத் தெருவில் நின்ற தண்ணீரை மனதில் வைத்து பேஸ்மட்டத்தைத் தாராளமாகவே உயர்த்தியிருக்கிறேன். அதுவரைக்கும் சேம்பர் செங்கல்தான். உன் ஃபேக்டரி நுரைக்கல்லைத் தரைக்குக் கீழே வைக்கவில்லை. நீயே சொன்னதுதானே, நுரைக்கல் ஈரத்தை இழுக்கும், பேஸ்மட்டத்துக்கு மேல்தான் அதற்கு வேலை என்று. தூண், பீம், மேல்தளம் எல்லாம் போட்டு முட்டும் பிரித்தாகிவிட்டது. இனி சுவர் எழும்ப வேண்டியதுதான்.

சம்பந்தி அம்மா ஒருநாள் சைட்டுக்கு வந்து, “இத்தனை இலேசான கல்லா? தானே மாதிரி ஒரு புயல் வந்தால் சுவர் நிற்குமா அண்ணா?” என்று கேட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் நம் ஷீட் எங்கே போய்க் கிடந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள், பயம் இருக்காதா? வீட்டைத் தாங்குவது தூணும் பீமும்தான் அம்மா, நடுவில் இருக்கிற சுவர் இடத்தை அடைக்கிறது, அதைத் தூணோடு ஒழுங்காகப் பிடித்துக் கட்டினால் காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அந்த இடம் களிமண். செங்கல் சுவர் என்றால் ஒரு கனமீட்டர் 1,800 கிலோவுக்குக் குறையாது. உன் நுரைக்கல், அதுதான் சி.எல்.சி. கல், 800. அந்தக் கணக்கைக் காட்டித்தான் அஸ்திவார ஃபுட்டிங் அளவைக் குறைக்க அங்கத்திய இன்ஜினியரைச் சம்மதிக்க வைத்தேன். என் மகன் ஃபேக்டரி கல் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

லோடு இறங்கும்போது நான் அங்கேதான் நின்றேன். சித்தாள் பெண் ஒருத்தி முதல் கல்லைத் தூக்கிவிட்டு, “என்ன மேஸ்திரி, இலேசான கல்லுன்னு சொன்னீங்க, இடுப்பைப் பிடிக்குது” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய் எதிர்த்த அரிசிக்கடைத் தராசில் வைத்தேன். 17.6 கிலோ. கணக்கு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 600க்கு 200க்கு 150 மில்லிமீட்டர் கல், 800 டென்சிட்டி என்றால் 14.4 கிலோ வர வேண்டும்.

அப்புறம் கரண்டி முனையால் தட்டி அதை உடைத்தேன். உள்ளே நிறம் கறுத்து, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. அடிப்பக்கம் இரண்டு விரற்கடைக்கு நுரையே இல்லை, கலவை அப்படியே கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. மேல்பக்கம் மிளகு அளவுக்கு ஓட்டை ஓட்டையாக. மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பொடிந்து விழுந்தது. ஒரு கல்தானே என்று சொல்லாதே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

இன்னொரு முழுக் கல்லை மொட்டைமாடி வெயிலில் போட்டு வைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகும் 15.9 கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை. ஆக, கூடுதல் எடையில் ஒரு பங்குதான் ஈரம். மிச்சம் நுரை அடங்கிப்போனதால் ஏறிய எடை. ஈரம் காயும், அடங்கிய நுரை திரும்பி வராது. மிக்சரை அதிக நேரம் ஓடவிட்டார்களா, கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா, அனல் மின் நிலையத்துச் சாம்பல் மாறிவிட்டதா, எதுவென்று நீதான் பார்க்க வேண்டும். சாம்பல் லோடுக்கு லோடு ஒரே மாதிரி வராது, வேகாத கரி கூடுதலாக இருந்தால் நுரை நிற்காது, இதெல்லாம் எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததுதான். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பக்கெட் பிடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதுவாய். முதல் தடவை நான் வந்தபோது அந்த நோட்டைத்தான் பெருமையாக எடுத்துக் காட்டினாய். அந்த நோட்டு இப்போது யார் கையில் இருக்கிறது? நீ எழுதுகிறாயா, இல்லை யாராவது எழுதினால் எழுதட்டும் என்று விட்டுவிட்டாயா?

இன்னொன்று. முன்பெல்லாம் உன் அடுக்கில் வரிசைக்கு ஒரு கல்லிலாவது வார்த்த தேதி பெயிண்டில் இருக்கும். இந்த லோடு முழுக்கத் தேடினேன், ஒரு கல்லில்கூட தேதி இல்லை. டிரைவர் பையனிடம் டீ வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். அவன் சூதுவாது தெரியாதவன், “போன அமாவாசைக்கு அப்புறம் ஊத்தினது தாத்தா” என்று சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. நான் கேட்டேன், அவன் சொன்னான், அவ்வளவுதான்.

28 நாள், தம்பி. நான் படிக்காதவன், கான்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் என்பதைக் கையில் கரண்டி பிடித்துக் கற்றவன். உன் கல்லுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏ.ஏ.சி. என்கிற இன்னொரு இலேசான கல் செய்கிறவன் அலுமினியப் பவுடர் போட்டுப் பொங்க வைத்து, பெரிய உருளைக்குள் தள்ளி, அழுத்தத்தில் நீராவி கொடுத்து, சில மணி நேரத்தில் பலத்தோடு வெளியே எடுத்துவிடுகிறான். அந்த மெஷின் பல கோடி. உன்னிடம் அது கிடையாது. உன்னுடையது வெறும் சிமெண்ட், சாம்பல், தண்ணீர், நுரை. சாம்பல் நிதானமாகத்தான் வேலை செய்யும். அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் நிழலில் ஆறவிட வேண்டும். பச்சைக் கல்லைக் கட்டினால் அது சுவரில் நின்றுதான் காயும். காயும்போது சுருங்கும். சுருங்கினால் தூணை ஒட்டி நேராக ஒரு கோடு, ஜன்னல் மூலையில் கோணலாக ஒரு கோடு. கோழி வலை அடித்துப் பூசினாலும் அது மறையாது, அடுத்த வெயிலுக்குத் திரும்பத் தெரியும். அப்போது வீட்டுக்காரன் கொத்தனாரைத்தான் திட்டுவான், கொத்தனார் கல்லைத் திட்டுவான், கல்லில் உன் பெயர் இருக்கிறது.

நீ கொடுத்த ஜெராக்ஸ் என்னிடம் இன்னும் இருக்கிறது, நுரைக்கல்லுக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 2185 நான்காம் பாகம், 2008. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனால் அட்டவணை படிக்கத் தெரியும். 800 டென்சிட்டிக்கு சதுர மில்லிமீட்டருக்கு 2.5 நியூட்டன் பலம் போட்டிருக்கிறான். கட்டைவிரலுக்குப் பொடிகிற கல் அதில் பாதியாவது தாங்குமா என்று நீயே சொல்லு.

மஞ்சக்குப்பத்தில் எத்தனையோ கொத்தனார்கள் இந்தக் கல்லை முதலில் தொடவே மாட்டேன் என்றார்கள். செங்கல் மாதிரித் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, வெடிக்கிறது என்று குறை சொன்னார்கள். ஊறப்போடாதே, மேலே லேசாகத் தெளி. கலவையைக் கெட்டியாக ஒன்றுக்கு மூன்று போடாதே, ஒன்றுக்கு ஆறு போதும். ஒரே நாளில் ஆளுயரம் ஏற்றாதே என்று ஒவ்வொருத்தனிடமும் போய்ச் சொன்னவன் நான். உனக்காகச் சொல்லவில்லை, கல் நல்ல கல் என்று நம்பிச் சொன்னேன். இப்போதும் நம்புகிறேன். ஒழுங்காகச் செய்தால் இந்த ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் கிடையாது, உள்ளே இருக்கிற காற்று சூட்டைத் தடுக்கும். நம் வீட்டு மாடியில் நீ போட்டுக் கொடுத்த நுரைக் கான்கிரீட்டுக்குக் கீழேதான் உன் அம்மா சித்திரையிலும் மத்தியானம் தூங்குகிறாள். பழைய செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு எல்லாம் போட்டபோதுகூட அந்த அறை இப்படி இருந்ததில்லை. அதைப் பார்க்க வருகிறவர்களிடம் பையன் போட்டது என்று அவள்தான் முந்திக்கொண்டு சொல்கிறாள்.

பாப்பாவுக்கு வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. நீ வந்து அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. மருமகள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள், சிரித்தாள். ராத்திரி உன் அம்மா, “அவள் கையைப் பார்த்தீர்களா, கண்ணாடி வளையல் மட்டும்தான் இருந்தது” என்றாள். வளைகாப்பு என்றால் எல்லோரும் கண்ணாடி வளையல்தானே போடுவார்கள் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மிக்சருக்கும் நுரை மெஷினுக்கும் மாதம் எவ்வளவு கட்டுகிறாய் என்றும் கேட்கவில்லை. வார்த்த கல்லை 28 நாள் அடுக்கி வைத்தால் அத்தனை நாளும் பணம் கல்லாகக் கிடக்கிறது, தேதி வந்தால் பேங்க்காரன் நிற்பான், அது எனக்குத் தெரியாதா? கூலி கொடுக்க முடியாமல் சனிக்கிழமை சாயங்காலம் பின்வாசல் வழியாகப் போன மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கே கையைச் சுருக்கினாலும் நாளில் சுருக்காதே. சிமெண்டிலும் சுருக்காதே. தேதி எழுது.

நெல்லிக்குப்பம் ரோட்டு மனைக்கு அந்த புரோக்கர் மறுபடியும் வந்தார். நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பட்டா என் பெயரில்தான் இருக்கிறது, பீரோவில் இருக்கிறது, வரி கட்டியாகிவிட்டது. பாப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, அவளுக்கும் அது தெரியும். மனையில் கருவேலம்தான் முளைக்கிறது. உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ வந்தால் பேசலாம். வராமல் போனில் பேசுகிற விஷயம் இல்லை.

லோடு விஷயத்தை மாப்பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வாசக்கால் நிறுத்தக் கூடாது என்று சம்பந்தி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் அதெல்லாம் எதற்கு என்று சொன்னவன், இப்போது பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று நானே போய் நின்றேன். மாப்பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தார். குழந்தை பிறந்து வேலையைத் தொடரலாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்தச் சாக்கில் உனக்கும் நாள் கிடைத்திருக்கிறது. கல்லைப் பலகை மேல் அடுக்கி, பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறேன். முதலில் கொஞ்ச நாள் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன், அப்புறம் காயட்டும். காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பேன். கனமானதை காம்பவுண்டுக்கும் தோட்டத்துத் திட்டுக்கும் வைத்துக்கொள்கிறேன், வீட்டுச் சுவருக்குப் போகாது. இந்த லோடுக்குப் பணம் மாப்பிள்ளை அனுப்பிவிட்டார், திருப்பி அனுப்புகிறேன் என்று எதையாவது கிளப்பாதே, வீண் பேச்சு வரும். குறைகிற கல்லுக்கு நல்ல கல் அனுப்பினால் போதும்.

இதே வார்ப்பில் வேறு யாருக்கெல்லாம் லோடு போயிருக்கிறது? அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். பாப்பா வீட்டில் நான் இருந்தேன், நிறுத்திவிட்டேன். மற்ற இடத்தில் கட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லு. திட்டுவார்கள், வாங்கிக்கொள். கட்டின சுவரை இடிப்பதைவிட அது சல்லிசு.

புது லோடு வரும்போது வரிசைக்கு ஒரு கல்லில் தேதி இருக்க வேண்டும், பெயிண்ட் இல்லாவிட்டால் கரித்துண்டில் எழுது. பக்கெட் நோட்டைப் பக்கம் பக்கமாக செல்லில் படம் பிடித்து அனுப்பு, பேரன்தான் எனக்குப் பெரிதாக்கிக் காட்டுவான் என்று இல்லை, இப்போது நானே கற்றுக்கொண்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் முந்தின நாளே அம்மாவிடம் சொல்லு, மீன் வாங்க விடியற்காலையில் போக வேண்டும். மருமகளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. சாக்கு ஒன்று எடுத்து வா, முருங்கைக்காய் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா