எங்கள் வீட்டுத் தங்கம் முடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வந்த, புலம்பெயர்வும் நீடித்த வளர்ச்சியும் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாததால் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம். கண்ணாடி போட்ட பிறகும் அதே வரிதான் இருந்தது: "வடசென்னை போன்ற பகுதிகளில் வளைகுடாப் பணம் தங்கமாகவும் செல்போனாகவும் முடங்கிவிடுகிறது."

எழுதியவர் யார் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்தாரோ தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் டீ கொடுத்து, மூன்று சவரன் சங்கிலி ஒன்றின் கதையைச் சொல்லியிருப்பேன்.

நாங்கள் பர்மாவின் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அப்பாவுக்கு முதலில் கடை போயிற்று, பிறகு பெட்டியில் இருந்த பணமும் போயிற்று. மறு வருடம் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. வியாசர்பாடியில் குடிசை. "காகிதத்தை நம்பாதே" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பொருளாதாரத்தில் நான் படித்தது அவ்வளவுதான். (அப்படி வந்தவர்கள் போட்ட, அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகளைப் பற்றி மட்டும் உங்கள் இதழ் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கலர் படத்தோடு எழுதுகிறது. தட்டைப் பார்க்கிற கண்ணுக்கு ஆளைத் தெரிவதில்லை போலும்.)

சரி, சங்கிலிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மணலியில் பைப் ஃபிட்டர் வேலை கற்றவர். 1988-இல் குவைத் போனார். முதல் சேமிப்பில் வாங்கியது அந்தச் சங்கிலி. 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்தது. ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏற்றி வந்ததே, அதில் இவரும் ஒருவர். கையில் ஒரு பை, வர வேண்டிய சம்பளம் வரவில்லை. அடுத்த எட்டு மாதம் வாடகையும் அரிசியும் அந்தச் சங்கிலிதான். 1993-இல் மஸ்கட் போக மறுபடி அடகுக் கடைக்குப் போயிற்று. அதுவரை ஏழு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருந்த வீட்டில் இருந்தோம். தண்டையார்பேட்டையில் ஒண்ட ஓர் இடம் வாங்கி, எங்களுக்கென்று கழிவறை கட்டினபோது மூன்றாம் முறை. 2004-இல் மகளை நர்சிங் சேர்த்தபோது நான்காம் முறை. நான்கு முறையும் மீட்டேன், பிந்தைய மூன்று முறையும் வெளிநாட்டிலிருந்து அவர் அனுப்பிய பணத்தில். ரசீதுகள் இருக்கின்றன, கட்டுரையாளர் பார்க்கலாம். மகள் இன்று இங்கேயேதான் நர்ஸ். தெருவில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். இதெல்லாம் முடங்கிய பணமா? அப்படியானால் ஓடுகிற பணம் எப்படி இருக்கும் என்று அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இவர் 24 வருடம் மஸ்கட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விடுப்பு. மகள் அப்பாவோடு இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கணக்கு எந்தக் கட்டுரையிலும் வராது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2024-இல் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. அப்படி அனுப்புகிற பணத்தில் பிடிக்கும் கட்டணத்தை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது, உங்கள் கட்டுரை மேற்கோள் காட்டிய அதே ஐ.நா. இலக்குகளில் ஒன்று. உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். நாங்கள் வாங்கிய செல்போன் கண்ணில் பட்டவருக்கு இது படவில்லை.

அப்புறம், ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளுக்கு நீங்கள் போடும் சிறப்பிதழ். வருடா வருடம் கோட்டு போட்டவர்கள் படம்தான். ஒரு வெல்டர் முகம் இதுவரை வந்ததில்லை.

கடைசியாக, நான் மூன்று வருடமாக அடக்கி வைத்திருப்பது. 2022-இல் என் தம்பி மகன் உங்கள் ஞாயிறு விளம்பரப் பக்கத்தைப் பார்த்து ஓர் ஏஜென்டிடம் 1,20,000 ரூபாய் கட்டினான். சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த ஆள் பதிவே செய்யாதவர். கையில் கிடைத்தது சுற்றுலா விசா. கத்தாரில் இறங்கினால் வேலையும் இல்லை, முறையாகப் போகிறவர்களுக்கு 275 ரூபாயில் கிடைக்கிற 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இல்லை. நாற்பது நாளில் திரும்பினான். அப்போதும் உங்களுக்கு எழுதினேன். "விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி பதில் வந்தது. நாங்கள் அனுப்புகிற பணம் எங்கே முடங்குகிறது என்று கவலைப்படுகிறவர்கள், நாங்கள் புறப்படும் முன்பே அது எங்கே போகிறது என்பதை உங்கள் பத்திரிகையின் எட்டாம் பக்கத்திலேயே பார்க்கலாமே!

என் வேண்டுகோள் சிறியது. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் எடுக்கும் ஏஜென்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத வெளிநாட்டு வேலை விளம்பரங்களை வாங்காதீர்கள். எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். ஒரு வரிதான், இடம் அடைக்காது.

இந்தக் கடிதத்தையும் போட மாட்டீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்துவிடுவோம், என்ன செய்ய, அவருக்கு உங்கள் குறுக்கெழுத்து இல்லாமல் காலை விடிவதில்லை.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை